பதினைந்து குதிரையும் ஒரு குளவியும்

வாடை தணிந்து மூன்று நாள்.
கள்ளப்பாட்டில் முக்கால்வாசிப் படகுகள்
தண்ணியில் இறங்கிவிட்டன.
எங்கள் இஞ்சின் மட்டும்
கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில்
யூரியாப் பையைப் போர்த்திக்கொண்டு
ஐப்பசியில் கொழுவிய கட்டையிலேயே நிற்கிறது.

கிளிற்றஸ் பையை உருவினார்.
அரைப்பீப்பாவில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக் காலை இறக்கினார்.
கயிற்றை இழுத்தார்.
இழுத்தார்.
பதினொன்று வரை எண்ணினேன்,
பிறகு சட்டி கழுவப் போய்விட்டேன்.

"பொறி இல்லையப்பா."
பிளக்கைக் கழற்றி என் கையில் தந்தார்.
கரி. நுனியில் ஒரு பொட்டு எண்ணெய்.
பழைய பல்பிரஸால் தேய்த்து
இரும்பில் முட்டவைத்து இழுக்கச் சொன்னேன்.
நீலமாய் ஒன்று பாய்ந்து
முழங்கைவரை ஏறியது.
"இருக்கு," என்றேன், பல்லைக் கடித்தபடி.
அவர் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

பொறி இருக்கிறது. காற்றும் இருக்கிறது.
அப்படியென்றால் குடிக்கவில்லை.
காபரேட்டர் கிண்ணத்தைத் திறந்தால்
அடியில் பழைய பெற்றோல்
கருகிய பனங்கட்டிப் பாகாய் இறுகிக் கிடக்கிறது.
மாரிக்கு முன் வடித்துவிடச் சொன்னேனா இல்லையா
என்று நான் கேட்கவில்லை.
கேட்காதது அவருக்குக் கேட்டது.
"அண்டைக்குத்தானே
யாழ்ப்பாணம் கிளினிக்குக்குப் போனனாங்கள்."

ஜெற்றின் துளை சின்னது,
தையல் மெசின் ஊசியும் போகாது.
வயரை உரித்து ஒற்றை இழை எடுத்து
ஊதி, குத்தி, மறுபடி ஊதி
வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தேன்:
துளைக்குள் ஒரு பொட்டுப் பகல்.

நாலாவது இழுப்பில் இருமியது.
"சோக்கைத் தள்ளுங்கோ!"
ஆறாவதில் பீப்பா கொதித்தெழும்ப
கோழிகள் கூரையில் ஏறின.
வெள்ளைப் புகைக்குள்ளால்
அன்ரனிற்றாவின் தலை வேலிக்கு மேலே:
"பிடிச்சிட்டுதோ?"

பிடித்தது. ஆனால் பக்கத்துத் துளையால்
தண்ணீர் பீச்ச வேண்டும்.
பீச்சவில்லை.
"நிப்பாட்டுங்கோ, சுடப்போகுது!"
இம்பெல்லர் ரப்பர் போயிருந்தால்
ரவுணில் என்ன விலையோ.
அடைவு வைக்க இனி ஒன்றுமில்லை,
தோடு கிளினிக்கோடு போயிற்று.

சைக்கிள் கம்பியை வளைத்துத் துளைக்குள் விட்டேன்.
மண்.
கடல்மண் இல்லை. யாரோ குழைத்த மண்,
சின்ன விரல் தடிப்பில், அறை அறையாய்.
ஓர் அறையில் மயங்கிய பச்சைப் புழுக்கள் மூன்று,
நடுவில் அரிசி மாதிரி வெள்ளையாய் ஒன்று,
நெளிந்தது.

குளவி கட்டின வீட்டில் தொட்டில் ஆடும்.
இந்தக் கரையில் இது தெரியாத ஆள் இல்லை.
எட்டு வருசமாய் நானும்
வளையை, முகட்டை, சுவாமிப்படத்தின் பின்பக்கத்தைப்
பார்த்துப் பார்த்துக் கூட்டுகிறேன்.
அன்ரனிற்றா வீட்டு யன்னலில் மூன்று கூடு.
தகரக்கூரை சுடும், குளவிக்குச் சரிவராது
என்று கிளிற்றஸ் சொல்வார்.
இப்போது கட்டியிருக்கிறது,
இஞ்சின் மூத்திரம் பெய்கிற துளையில்.

கொஞ்சநேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை.
"இஞ்சினுக்கு விசேசம் போல," என்றார்.
"பதினைஞ்சு குதிரைக்குமோ?" என்றேன்.
சிரித்துச் சிரித்துப்
பீப்பா விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.
அவர் முகத்தைத் தோள்மூட்டில் துடைத்தார்.
எண்ணெய்தான்,
அப்படியே வைத்துக்கொள்வோம்.

உடைந்த மண்ணோடு அந்த வெள்ளையை அள்ளிப்
பூவரசுக்கடியில் வைத்தேன்.
கோழி காணுமுன் ஒரு சிரட்டையால் மூடினேன்.
பிழைக்காது. தெரியும்.

அடுத்த இழுப்பிலேயே பிடித்தது.
முதலில் சேறாய்,
பிறகு தெளிவாய், என் பாவாடை நனையப்
பீச்சியடித்தது தண்ணீர்.
"கையை வைச்சுப் பாரும், சூடோ?"
இளஞ்சூடு.
போதும் என்று அவர் சொன்ன பிறகும்
நான் கையை எடுக்கவில்லை.

கியர் ஒயில் இன்னும் மாற்றவில்லை.